இரண்டு ரொட்டி என்று எழுதிய தாள்

தார்வாடில் பட்டம் வாங்கிய பெண்களில் பாதிப் பேரை நான்தான் படிக்க வைத்தேன். சரி, பாதி என்பது கொஞ்சம் அதிகம். முப்பத்திரண்டு வருடம் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்தினேன். தவளையை அறுக்கச் சொன்னதும் மயங்கி விழுந்து, மறுநாளே வேறு பாடத்துக்கு ஓடியவர்களையும் சேர்த்தால் கால்வாசி வரும். ஆனால் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் நீலகங்கா ஹொசமனியை நான் படிக்க வைத்தேன் என்று நானே சொன்னாலும் நம்பாதீர்கள். அவள் படிக்கப் போனது கோபத்தில்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. மனையியலில் இளநிலைப் பட்டம். ஹுப்ளியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உணவுப் பிரிவில் உதவியாளராக ஆறு வருடம் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கு வயதாகிவிட்டது, மறதி என்று வக்கீல் நோட்டீஸில் எழுதுவார்கள். கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள், ரொட்டி தட்டுவாள். சாதாரண நாளில் அவள் தட்டும் சோள ரொட்டி எல்லார் வீட்டு ரொட்டி மாதிரித்தான் இருக்கும். கோபம் வந்த நாளில் அதைக் கண்ணுக்கு முன் பிடித்துக்கொண்டு அதன் வழியாக நாளிதழ் படிக்கலாம். நான் தலைப்புச் செய்திகள் வரை படித்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கே மாடியில் தட்டும் சத்தம் கேட்டது. ஏழு மணிக்கும் நிற்கவில்லை. ஏழரைக்கு நான் மேலே போனேன். தட்டில் ரொட்டி முழங்கை உயரத்துக்கு அடுக்கியிருந்தது. வீட்டில் இருப்பது அவள் ஒருத்தி.

"யார் வராங்க? கல்யாணப் பந்தியா?" என்றேன்.

"ரெண்டு இடத்துலயும் சீட் கெடச்சிருச்சு, அஜ்ஜி." எங்கள் ஊரில் பாட்டி என்றால் அஜ்ஜி.

"அதுக்கு ஏன்டி மாவைப் போட்டு அடிக்கிற?"

முதுநிலைப் படிப்புக்கு அவள் இரண்டு இடத்தில் விண்ணப்பம் போட்டிருந்தாள். ஒன்று பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரி. மருத்துவ உணவியல், பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி. இன்னொன்று இங்கேயே, ஊருக்கு வெளியே வயலும் மாட்டுக்கொட்டகையுமாக இருக்கும் விவசாயப் பல்கலைக்கழக வளாகத்தில், உணவும் ஊட்டச்சத்தும். இரண்டிலும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும். ஒரு மனுஷிக்கு அசல் ஒரு செட்தான். ஒரு மேஜையில் வைத்தால் மற்ற மேஜைக்கு இல்லை.

யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு விதி: நோயாளிக்குக் கொடுக்கும் உணவுத் தாளில் மருத்துவ உணவியல் படித்தவர் மட்டும்தான் கையெழுத்துப் போடலாம். அப்படி அங்கே இருந்தவர் ஒரே ஒருவர், பிரஹ்லாத் சார். அவர் இன்னும் இரண்டு வருடத்தில் மும்பைக்குப் போகப்போகிறார். "நீ பெங்களூர்ல படிச்சிட்டு வாம்மா, அந்த நாற்காலி உனக்குத்தான்," என்று நிர்வாகமே சொல்லிவிட்டது. கதவில் பெயர்ப்பலகை, தனி அறை, கையெழுத்து. இங்கே வளாகத்தில் படித்தால் அந்த ஆஸ்பத்திரியில் அவள் சாகும்வரை உதவியாளர்தான்.

இதில் கோபத்துக்கு என்ன வேலை என்று புரிய, அதற்கு நான்கு மாதம் முன்னால் நடந்த துர்கவ்வா விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

துர்கவ்வா நவலகுந்த் பக்கத்து ஊர்க்காரி. ஐம்பது வயதுக்குள். பருத்தியும் மிளகாயும் போட்ட அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. சர்க்கரை ஏறிப்போய் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிரஹ்லாத் சார் அவளை உட்கார வைத்து, ஒரு நாளைக்கு எத்தனை ரொட்டி சாப்பிடுவாய் என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு "ரெண்டு" என்றாள். அவரும் இரண்டு என்று எழுதிக்கொண்டார்.

எங்கள் பக்கம் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இரண்டு என்றுதான் சொல்வாள். எங்கள் வீடுகளில் ரொட்டியை எண்ணிப் போடுவது, சாப்பிடுகிறவரை எழுந்து போ என்று சொல்வதற்குச் சமம். போடுகிறவள் எண்ண மாட்டாள், சாப்பிடுகிறவன் எண்ண மாட்டான். கடைசியில் சாப்பிட உட்காரும் பெண் எத்தனை சாப்பிட்டாள் என்று அவளுக்கே சொல்லிக்கொள்ள மாட்டாள். யாராவது கேட்டுவிட்டால் இரண்டு. ஒன்று என்றால் நோயாளி என்பார்கள், மூன்று என்றால் வாயைப் பார் என்பார்கள். நானும் கல்யாணமான நாளிலிருந்து இரண்டுதான் சொல்லி வருகிறேன். உண்மை நான்கு. எண்ணெய்க் கத்திரிக்காய் செய்த நாளில் அந்தப் பேச்சு வேண்டாம்.

நாள் முழுக்கக் குனிந்து களை எடுக்கிற துர்கவ்வா ஐந்தோ ஆறோ சாப்பிட்டிருப்பாள். ஆனால் தாளில் இரண்டு. இரண்டு ரொட்டிக்கே இவ்வளவு சர்க்கரையா என்று டாக்டர் மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். உணவுத் தாளில் ரொட்டியைப் பாதியாக வெட்டி ஒன்று என்று போட்டார்கள். மிச்சத்துக்கு அச்சடித்த தாள் இருக்கிறதே: காலையில் இட்லி, மாலையில் ஓட்ஸ் கஞ்சி. நவலகுந்த் கரிசலில் ஓட்ஸுக்கு எங்கே போவாள்? ஆனால் பெரிய ஆஸ்பத்திரி சொன்னது என்பதால் வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணிச் சாப்பிட்டாள். ஒன்று. மூன்றாம் நாள் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் வியர்த்துக் கொட்டி விழுந்தாள். சாப்பிட்டது கொஞ்சம், மாத்திரை அதிகம். ரத்தத்தில் சர்க்கரையே இல்லை. வெயிலில் படுத்திருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கண்டுபிடித்துத் தூக்கிவர மதியமாகிவிட்டது.

உயிர் பிழைத்தாள். இன்று அவள் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறாள். அடுப்பு எந்தப் பக்கம் என்று மருமகளைக் கேட்கிறாள்.

ஆஸ்பத்திரியில் யாரும் தப்புச் செய்யவில்லை. தாள் இருந்தது, கையெழுத்து இருந்தது. "நோயாளி தவறான தகவல் கொடுத்தார்" என்று ஒரு வரி சேர்த்துக் கோப்பை மூடினார்கள். அந்த வரியைப் படித்த அன்றுதான் நீலகங்கா இரண்டு விண்ணப்பங்களையும் வாங்கினாள்.

வியாழக்கிழமை பெங்களூர்க் கல்லூரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அண்ணன் சரணப்பா அவளை அழைத்துப்போனான். ஹுப்ளியில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். தங்கை மேல் உயிர், வாய் மட்டும் லாரி ஹாரன். திரும்பி வந்ததும் என் வீட்டு நாற்காலியில் பொத்தென்று விழுந்தான்.

"அஜ்ஜி, இவளை இனிமே நான் எங்கயும் கூட்டிட்டுப் போகமாட்டேன். பளிங்குத் தரை அஜ்ஜி! கண்ணாடிக் கதவு! அந்தம்மா, துறைத் தலைவியாம், எவ்வளவு மரியாதையாப் பேசினாங்க தெரியுமா? எங்களுக்கு பாதாம் பால் கொடுத்தாங்க. இவ என்ன பண்ணினா கேளுங்க."

"என்ன பண்ணின?"

"ஒரு கேள்வி கேட்டேன்," என்றாள் நீலகங்கா.

துறைத் தலைவி கணினியைத் திறந்து காட்டியிருக்கிறார். நோயாளி சொல்வதைத் தட்டினால் கலோரி, புரதம், இரும்பு எல்லாம் அதுவே கணக்குப் போட்டுவிடும். நீலகங்கா சோள ரொட்டியைத் தேடினாள். பட்டியலில் இல்லை. "சப்பாத்தி, நடுத்தரம்னு போட்டுக்கோங்க, கிட்டத்தட்ட சரியா வரும்," என்றாராம் அந்தம்மா. இவள் கேட்டாள்: "மேடம், ஒரு வயல் வேலைக்காரி ரெண்டு ரொட்டின்னு சொன்னா நீங்க என்ன எழுதுவீங்க?"

"ரெண்டுன்னுதான். நோயாளியைச் சந்தேகப்படக் கூடாதும்மா. அது நம்ம தொழில் தர்மம்."

"அவ்வளவு இதமாச் சொன்னாங்க," என்றான் சரணப்பா. "இவ எழுந்து நின்னுட்டா. 'உங்க ரெண்டு ஒருத்தியோட மூளையைத் தின்னிருச்சு மேடம்'னு சொல்லிட்டா. பாதாம் பாலைக் குடிக்காம வெச்சிட்டு வந்துட்டா, அஜ்ஜி! நான் ரெண்டையும் குடிச்சேன்."

"நீ எத்தனை குடிச்சேன்னு யாராவது கேட்டா என்ன சொல்லுவ?"

"ஒண்ணு," என்றான் அவன் யோசிக்காமல்.

நீலகங்கா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடி ஏறிப் போனாள். தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை இங்கே உள்ள வளாகம். நானும் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனால் சண்டை நடக்கப்போகிறது என்று தெரிந்தும் வீட்டில் உட்கார்ந்திருக்க நான் என்ன முனிவரா? நகரப் பேருந்தில் இறங்கி, வேப்பமரங்களுக்கு நடுவில் நடந்து, ஓட்டுக்கூரை போட்ட ஒரு கட்டடத்தில் ஹுல்கூர் சாரைக் கண்டுபிடித்தோம். பேராசிரியர். சட்டைப் பையில் மை கொட்டிய கறை. வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. பாதாம் பால் இருக்கட்டும், அந்த அறையில் தண்ணீர்ப் பானையே காலி.

"பெங்களூர் சீட் இருக்குன்னு போட்டிருக்கே. அங்க போ," என்றார் விண்ணப்பத்தைப் பார்த்து. "இங்க படிச்சா ஆஸ்பத்திரியில எவனும் மதிக்க மாட்டான். ஊர் ஊராப் போய் சாப்பாட்டு விவரம் எழுதணும். வெயில்ல கறுத்துப் போவே."

"ஏற்கெனவே கறுப்புதான் சார். ஒண்ணு கேக்கணும். ஒரு பொம்பளை ரெண்டு ரொட்டி சாப்பிட்டேன்னு சொன்னா நீங்க என்ன எழுதுவீங்க?"

நல்ல கதையாக இருந்தால் இந்த இடத்தில் அவர் ஞானி மாதிரி ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும்.

"ரெண்டுன்னுதான் எழுதுவோம்," என்றார் ஹுல்கூர் சார்.

நீலகங்காவின் முகம் மாறியது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து, பின்னால் இருந்த அலமாரியைக் காலால் ஒரு தட்டுத் தட்டித் திறந்தார். பூட்டு கெட்டுப்போன அலமாரி. உள்ளே கறுப்பு அட்டை போட்ட ஆய்வேடுகள், இருபது வருடத்து அடுக்கு.

"இதெல்லாம் ரெண்டு," என்றார். "இந்தத் தட்டு முழுக்க ரெண்டு. அந்தத் தட்டும் ரெண்டு. நூத்திருபது வீடு, ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டு. இந்த மாவட்டத்துப் பொம்பளைங்க ரெண்டு ரொட்டி தின்னுட்டுத்தான் உழுதாங்க, அறுத்தாங்க, பிள்ளை பெத்தாங்கன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அப்ப விளையிற சோளமெல்லாம் எங்க போகுது? எலி தின்னுதா?"

"தெரிஞ்சும் போட்டீங்களா?" என்று கத்தினாள் நீலகங்கா. உண்மையாகவே கத்தினாள், வெளியே கட்டியிருந்த எருமை திரும்பிப் பார்த்தது. "தெரிஞ்சும் இருபது வருஷமாப் போட்டீங்களா? வெக்கமா இல்ல?"

"இருக்கு," என்றார் அவர். "அதனாலதான் பூட்டைச் சரி பண்ணல. யாராவது வந்து திருடிட்டுப் போகட்டும்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை.

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. ஒரு பொண்ணு பண்ணினா. வாயைக் கேக்கல, மாவு டப்பாவைக் கேட்டா. காலையில டப்பாவை எடை போட்டா, சாயங்காலம் போட்டா. வீட்டுல எத்தனை பேரு, யாரு கடைசியாச் சாப்பிட்டாங்க, பக்கத்துல உக்காந்து பாத்தா. ஒரு வீட்டுக்கு ஏழு நாள். ரெண்டு வருஷத்துல பதினோரு வீடுதான் முடிஞ்சது. நூத்திருபது இல்லைன்னு கமிட்டி திருப்பி அனுப்பிருச்சு. அவ அழுதுட்டு பேங்க் பரீட்சை எழுதப் போயிட்டா."

"நீங்க அப்ப என்ன பண்ணினீங்க?"

"கமிட்டியில நானும் இருந்தேன்," என்றார் ஹுல்கூர் சார்.

இதற்கு மேல் அங்கே நின்றால் மேஜை உடையும் என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பேருந்தில் வரும்போது இரண்டு இடமும் பொய் என்று நான் நினைத்தேன். இனி இந்தப் பெண் எதையும் படிக்கப்போவதில்லை, என் மாடியில் உட்கார்ந்து மாவட்டத்துச் சோளத்தையெல்லாம் ரொட்டியாகத் தட்டிவிடப்போகிறாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை சரணப்பா பெங்களூர் வண்டிக்கு இரண்டு டிக்கெட்டுடன் வந்தான். ஆட்டோ வாசலில் நின்றது. நீலகங்கா சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அதே நேரத்தில் அவள் கைபேசி அடித்தது. பிரஹ்லாத் சார். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"கிளம்பிட்டியாம்மா? இங்க உன் பெயர்ப்பலகைக்கு அளவு எடுத்துட்டாங்க. பித்தளையா, அக்ரிலிக்கான்னு கேக்கறாங்க."

"பித்தளைன்னு சொல்லு, பித்தளை!" என்று சரணப்பா கிசுகிசுத்தான்.

"சார், அந்த அச்சடிச்ச தாள் மாறுமா?" என்று கேட்டாள் நீலகங்கா.

"எந்தத் தாள்?"

"இட்லி, ஓட்ஸ், ரெண்டு ரொட்டித் தாள்."

"அதை ஏம்மா மாத்தணும்? மேலிடத்துல ஒப்புதல் வாங்கின தாள். நீ வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவள் போனை வைத்துவிட்டாள். அண்ணனைப் பார்த்தாள்.

"கேட்டியா, அண்ணா? ரெண்டு வருஷம் படிச்சிட்டு வந்து அதே தாள்ல நான் கையெழுத்துப் போடணும். என் பேரைப் பித்தளையில எழுதிட்டு."

"உலகத்துல எல்லாரும் அப்படித்தான் போடறாங்க! நீ மட்டும் என்ன ஆகாசத்துலேருந்து குதிச்சியா? அந்த மாட்டுக்கொட்டகைப் படிப்புல என்ன கெடைக்கும் உனக்கு?"

"ஒரு தராசு கெடைக்கும்."

"தராசு நான் வாங்கித் தரேன்டி! என் கடையில ரெண்டு கிடக்கு!"

"வாங்கித் தருவ. ஆனா உன் தராசைத் தூக்கிட்டுப் போனா எந்த வீட்டுலயும் மாவு டப்பாவைத் திறந்து காட்ட மாட்டாங்க. காட்டினாலும் நான் எழுதறதை ஒரு டாக்டரும் படிக்க மாட்டான். அங்க படிச்சா காகிதத்துல ஏறும். அந்தாளு பொய்யனா இருந்தாலும் பொய்னு தெரிஞ்ச பொய்யன். பெங்களூர்ல அதுவும் இல்ல."

ஆட்டோக்காரன் யாரைக் கேட்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். "எந்தப் பக்கம்மா?" என்றான். நான் ஸ்டேஷன் பக்கமும் காட்டவில்லை, வளாகத்துப் பக்கமும் காட்டவில்லை. அந்த ஒரு நாள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சாட்சி கேட்டால் சரணப்பா சொல்வான். நீலகங்கா ஏறி உட்கார்ந்து வேப்பமரச் சாலையைக் காட்டினாள். சரணப்பா இரண்டு டிக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு, தங்கையைத் திட்டிக்கொண்டே, அவளுடன்தான் போனான்.

ஹுல்கூர் சாரின் மேஜையில் கோப்பை வைத்து அவள் சொன்னது இதுதானாம்: "பதினோரு வீடுதான் பண்ணுவேன். கமிட்டியில நீங்க இருப்பீங்க. இந்தத் தடவை பேசணும்."

"ரெண்டு வருஷத்துல நான் ஓய்வு பெறறேன். சத்தியம் பண்ண முடியாது."

"சத்தியம் வேண்டாம். உங்க வாயையும் நம்பல. பேசறீங்களான்னு பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

இதெல்லாம் போன வருடம். ஆஸ்பத்திரி அவளை மறுவாரமே வேலையிலிருந்து எடுத்துவிட்டது. பித்தளைப் பலகையில் வேறு ஒரு பெண்ணின் பெயர் ஏறிவிட்டது. இப்போது நீலகங்கா தராசைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நவலகுந்த் பேருந்தில் போய் வருகிறாள். முதல் வீடு துர்கவ்வாவுடையது. ஏழு நாள் அங்கேயே இருந்தாள். மருமகளை ஒரு பேச்சுக்குக் கேட்டாளாம்: "நீ எத்தனை சாப்பிட்ட?"

"ரெண்டுக்கா."

"டப்பாவுல ஒரு நாளைக்கு ஒண்ணரை கிலோ குறையுது. மூணு பேர் வீடு. பூனை தின்னுதா?"

"எங்க வீட்டுல பூனை இல்லக்கா," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். பிறகு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, ஐந்து என்றாளாம். துர்கவ்வா அடுப்பைத் தேடிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள்.

இன்று மதியம் இவ்வளவையும் எழுதி முடித்து, நீலகங்காவைக் கீழே கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். எருமை திரும்பிப் பார்த்த இடத்தில் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ரொட்டி வழியாக நாளிதழ் படித்ததையும் கண்டுகொள்ளவில்லை. தட்டில் கிடந்த வேர்க்கடலைப் பொடியை விரலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே கடைசிவரை கேட்டாள்.

"ஒரு இடம் தப்பு, அஜ்ஜி."

"எருமையா? சரி, எருமை இல்ல, கன்னுக்குட்டி."

"எருமை இருக்கட்டும். பிரஹ்லாத் சார் துர்கவ்வாவை உக்கார வெச்சுக் கேட்டார், ரெண்டுன்னு எழுதினார்னு போட்டிருக்கீங்க. அவர் யாரையும் கேட்டதே இல்ல. கடைசியில கையெழுத்து மட்டும் போடுவார். கேட்டது நான். வெளிய இருபது பேர் வரிசையில நின்னாங்க. அவ ரெண்டுன்னு சொன்னா. நான் அவ கையைப் பார்த்தேன், அது ரெண்டு ரொட்டி திங்கற கை இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் ரெண்டுன்னு எழுதினேன். அதை அடிச்சிட்டு என் பேரைப் போடுங்க."